பை எல்லாம் சரியா இருக்கா

அங்கன உக்காராதீங்க அண்ணாச்சி. நாவப்பழம் விழும். வெள்ளை வேட்டி வேற கட்டிருக்கீங்க, ஒரு பழம் விழுந்தாப் போதும், ஊருக்குப் போயி எத்தனை சோப்புப் போட்டாலும் கறை போகாது. இப்படித் தார்ப்பாய்க்கு வந்துருங்க. அந்தப் பச்சைப் பைய லேசாத் தள்ளிக்கிடுங்க. மெதுவா. அதுல யாரோட மூக்குக் கண்ணாடியோ இருக்கு.

மனசுல வச்சுக்கிடாதீங்க. ஆதார் ஜெராக்ஸக் கொண்டாந்துட்டு ஒரிஜினல விட்டுட்டு வர்ற ஆளு நீங்க ஒருத்தர் மட்டும் இல்ல. எல்லாக் குரூப்புலயும் ஒருத்தர் இருப்பாரு. நேத்து சாயங்காலம் நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், ஒரிஜினல், ஒரிஜினல்னு. தொலைஞ்சிரக் கூடாதுன்னு கோவில்பட்டியில பீரோவுக்குள்ள வச்சிருக்கேங்கீங்க. அங்க பத்திரமாத்தான் இருக்கும். பார்லிமென்ட் வாசல்ல நிக்கிற ஆளுக்கு அது போதாது. விடுங்க, உங்க வீட்டம்மா உள்ள போயிட்டாங்கல்லா. ரெண்டு பேரும் பாத்தே ஆகணும்னு சட்டமா இருக்கு? ஒருத்தர் பாத்துட்டு வந்து இன்னொருத்தருக்குச் சொன்னாப் பத்தாதா? நானும் ரொம்ப காலம் அப்படித்தான் நெனச்சேன்.

குரூப்ப உள்ள கூட்டிட்டுப் போற அம்மா யாருன்னு கேட்டீங்க. அது என் வீட்டுக்காரி, சங்கரவடிவு. ஆவுடையப்பன் டூர்ஸ்ல ஆவுடையப்பன் நான். முறைப்படி நான் உள்ள போகணும், அவ இங்கன உக்காரணும். இது ஒரு தற்காலிக ஏற்பாடு. போன வருசத்துலேர்ந்து தற்காலிகமா நடந்துக்கிட்டு இருக்கு.

நான் டில்லிக்கு வந்தது மெஸ்ஸுல கல்லாவுல உக்கார. கரோல்பாக்ல. நம்ம ஊர்லேர்ந்து வர்றவங்க சாப்பிட்டு முடிச்சதும் கேப்பாங்க, இந்தியா கேட்டுக்கு எப்படிப் போகணும், ஜனாதிபதி மாளிகைக்குள்ள விடுவாங்களான்னு. சொல்லிச் சொல்லி அலுத்துப்போயி ஒரு நாள் நானே கூட்டிட்டுப் போனேன். அப்படி ஆரம்பிச்சது. பார்லிமென்ட்டு வட்டமா இருந்த காலத்துலேர்ந்து இந்தத் தொழில்ல இருக்கேன். இந்த ஊர்ல எந்த எம்.பி. வீட்டு பி.ஏ. காலையில எத்தனை காப்பி குடிச்ச பெறகு போன எடுப்பாருன்னு எனக்குத் தெரியும். அது தெரியாம இங்க ஒரு பாஸ் வாங்க முடியாது.

உள்ள அவங்களே ஒரு ஆளப் போட்டு விளக்கம் சொல்லுவாங்க, இந்தியிலயும் இங்கிலீசுலயும். நான் பின்னாலயே வந்து மெதுவாத் தமிழ்ல சொல்லுவேன். இது மக்களவை, இது மாநிலங்களவை, இன்னார் உக்காருற எடம் இதுன்னு. என் குரல் உள்ள நல்லா எடுபடும். வெளிய இருக்குறப்போ அவ்வளவு எடுபடாது.

ஆனா இந்தத் தொழில்ல கஷ்டம் பாஸ் இல்ல அண்ணாச்சி. பை. உள்ள பை கூடாது, போன் கூடாது, தீப்பெட்டி கூடாது, தண்ணி பாட்டில் கூடாது. குடுத்து வைக்க அங்கயே கவுன்ட்டர் இருக்கு, இல்லேங்கல. ஆனா நம்ம சனத்தப் பத்தி உங்களுக்குத் தெரியாதா? ஒருத்தர்கிட்ட மூணு பை இருக்கும். ஒண்ணுல முறுக்கு, ஒண்ணுல அரித்துவாரத் தண்ணி, ஒண்ணுல என்ன இருக்குன்னு அவருக்கே தெரியாது. ஒரு பஸ்ஸு சனம் வரிசையில நின்னு குடுத்து, திரும்ப வரிசையில நின்னு வாங்குறதுக்குள்ள சாயங்கால ரயில் போயிரும். அதனால நான் ஆரம்பத்துலயே ஒரு ஏற்பாடு பண்ணிட்டேன். பஸ் நிக்கிற எடத்துல ஒரு மரத்தடி, ஒரு தார்ப்பாய், வடிவு. எல்லாத்தையும் அவகிட்டக் குடுத்துட்டுக் கையை வீசிக்கிட்டு உள்ள போகலாம். என் குரூப்பு மாதிரி நிம்மதியா உள்ள போற குரூப்பு இந்த டில்லியில கிடையாது.

அவளும் நல்லாச் செய்வா, அதச் சொல்லணும். சீட்டு, டோக்கன் ஒண்ணும் கிடையாது. எந்தப் பை யாருதுன்னு ஒரு தடவை பாத்தாப் போதும். ஒரே மாதிரி மஞ்சப் பை பத்து இருந்தாலும் மாத்திக் குடுத்தது கிடையாது. மறதிங்கிறதே அவளுக்குக் கிடையாது. போலீஸ்காரர் வந்து இங்க உக்காரக் கூடாதும்பாரு. அவ இந்தியில என்னமோ சொல்லுவா, அவரு சிரிச்சுக்கிட்டுப் போயிருவாரு. என்ன சொன்னேன்னு கேட்டா, அவரு பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படி இருக்குன்னு கேட்டேம்பா. மே மாசம் அனல் அடிக்கும், இங்கனதான் உக்காந்திருப்பா. சனவரியில பனி எறங்கும், இங்கனதான் உக்காந்திருப்பா. ஒரே ஒரு குறை. இந்த நாவப்பழ சீசன்ல சேலையெல்லாம் ஊதாக் கறை பண்ணிட்டு வந்துருவா. கொஞ்சம் தள்ளி உக்காந்தா என்னன்னு எத்தனையோ தடவை சொல்லிருக்கேன். தள்ளினா வெயில் அடிக்குதும்பா. எதச் சொன்னாலும் ஒரு பதில் வச்சிருப்பா.

நான் குரூப்பக் கூட்டிட்டு வெளிய வந்ததும் முதல் காரியமா அவளப் பாத்துக் கேப்பேன்: “பை எல்லாம் சரியா இருக்கா?” அதுக்கு அப்புறந்தான் தண்ணி குடிக்கிறதே. தொழில்னா அப்படி இருக்கணும். சனம் நம்மள நம்பிக் குடுத்துட்டுப் போயிருக்கு.

தளவாய்னு ஒருத்தன் இருக்கான். நம்ம பக்கத்து ஊர்க்காரன்தான். எங்கிட்டத்தான் தொழில் கத்துக்கிட்டான், இப்ப தனியா நடத்துதான். குரூப்புல எல்லாருக்கும் மஞ்சத் தொப்பி மாட்டி விட்டுருவான். பைக்கு அவன் என்ன பண்ணிருக்கான் தெரியுமா? பஸ்ஸுக்குள்ள ஒரு பெரிய இரும்புப் பெட்டி வச்சிருக்கான். எல்லாத்தையும் உள்ள போட்டுப் பூட்டிருவான். என்னையும் வாங்கச் சொன்னான். எனக்கு எதுக்குல பெட்டி, எனக்குத்தான் வடிவு இருக்காளேன்னு சொன்னேன். அவ பக்கத்துல நின்னுக்கிட்டுத்தான் இருந்தா. எவ்வளவு பெருமையா சொன்னேன் தெரியுமா.

சரி, நடந்ததச் சொல்லுதேன். போன வருசம் இதே நாவப்பழ சீசன். சிவகிரியிலேர்ந்து ஒரு குரூப்பு வந்தது, பூரா ரிட்டயர்டு டீச்சருங்க. அதுல ஒரு டீச்சருக்கு முந்தின நாள் சோளே பட்டூரா ஒத்துக்கிடல. வாசல் வரைக்கும் வந்துட்டு, நான் வரல, நீங்க போயிட்டு வாங்கன்னு இந்தத் தார்ப்பாய்ல படுத்துட்டாங்க. பாஸ் சும்மா கெடக்கு. உடனே இன்னொரு டீச்சர், அதான் ஒரு எடம் இருக்குல்லா, இந்த அக்கா வரட்டும்னு சொன்னாங்க. நான் சொன்னேன், டீச்சர், பாஸுல பேரு இருக்கு, ஆதார் நம்பர் இருக்கு, ஒருத்தருக்குப் பதிலா ஒருத்தர் போக இது என்ன சினிமா டிக்கெட்டா. விதி அப்படி. நான் சொன்னதுல ஏதாவது தப்பு இருக்கா?

அந்த டீச்சர் விடல. பள்ளிக்கூடத்துல கேள்வி கேட்ட பழக்கம். நேரா வடிவப் பாத்தே கேட்டுட்டாங்க: “அக்கா, இதுக்கு முன்னால நீங்க உள்ள போயிப் பாத்திருக்கீங்களா?”

அவ இல்லேன்னா.

“ஒரு தடவை கூடவா?”

நான் குறுக்க வந்து சமாளிச்சேன். அவ எல்லாம் டிவியில பாத்துட்டா டீச்சர், பட்ஜெட் அன்னைக்குக் கூடப் பாத்தான்னு சொன்னேன். பொய் இல்ல, பாத்தா. டீச்சர் என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க. வடிவு குனிஞ்சா. பாய்ல கெடந்த ஒரு நாவப்பழத்த எடுத்து முந்தானையில தொடச்சு வாயில போட்டுக்கிட்டா. அதோட முடிஞ்சதுன்னு நான் குரூப்பக் கூட்டிட்டு உள்ள போயிட்டேன்.

அதோட முடியல. அப்புறம் கொஞ்ச நாள் கழிச்சு, விருதுநகர் குரூப்பு ஒண்ணு வந்திருக்கு. காலையில நான் சட்டை மாட்டிக்கிட்டு இருக்கேன், அவ அடுப்படியிலேர்ந்து சொல்லுதா, இன்னைக்கு நான் வரலன்னு. மேலுக்கு முடியலயான்னு கேட்டேன். நல்லாத்தான் இருக்கேங்கா. கோயிலுக்குப் போறியான்னு கேட்டேன். இல்லேங்கா. அப்ப பைய யாரு பாக்கன்னு கேட்டேன். பாத்துக்கிடுங்கன்னுட்டா. யாரு பாத்துக்கிடணும்னு சொல்லல.

வேற வழி? குரூப்ப அந்த உள்ள இருக்குற ஆளுகிட்ட ஒப்படைச்சு, தெரிஞ்ச இந்தியில சமாளிச்சுக்கிடுங்கன்னு அனுப்பிட்டு, நான் இங்கன உக்காந்தேன். அன்னைக்குத்தான் முதல் தடவை. ஒரு போன் அடிக்குது. எந்தப் பையிலேர்ந்துன்னு தெரியல. தேடி எடுக்குறதுக்குள்ள நின்னு போகுது, அடுத்தது அடிக்குது. போலீஸ்காரர் வந்தாரு. எனக்கு அவரு பிள்ளையத் தெரியாது. எழுந்திரின்னாரு, எழுந்து நின்னேன். பைய எல்லாம் என்ன பண்ணன்னு கேட்டேன். அவரு என்னப் பாத்துட்டு, மாஜி எங்க, அதான் அம்மா எங்கன்னு இந்தியில கேட்டாரு. வரலன்னேன். அப்ப உக்காருன்னுட்டுப் போயிட்டாரு.

அப்பத்தான் தளவாயோட பஸ் வந்து நிக்குது. மஞ்சத் தொப்பியா எறங்குது. நான் திரும்பிக்கிட்டேன், அவன் என்ன இந்தக் கோலத்துல பாக்க வேண்டாம்னு. கொஞ்ச நேரத்துல என் முன்னால ஒரு ஆளு வந்து நிக்கிற மாதிரி இருந்தது. நிமிந்து பாத்தா வடிவு. மாம்பழக் கலர்ல புதுச்சேலை. கொண்டையில கனகாம்பரம். அதுக்கு மேல மஞ்சத் தொப்பி.

அவ தோள்ல கெடந்த ரெக்சின் பையக் கழட்டி என் பக்கத்துல வச்சா.

“இதையும் பாத்துக்கோங்க” ன்னா.

அவ்வளவுதான். திரும்பி வரிசையில போயி நின்னுக்கிட்டா. கையில ஒண்ணும் இல்ல. ரெண்டு கையையும் எங்க வைக்கிறதுன்னு தெரியாம கொஞ்ச நேரம் நின்னா, அப்புறம் பின்னால கட்டிக்கிட்டா. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தது. நான் தளவாய இங்கனயே கூப்பிட்டுப் பிடிச்சேன். என் பொண்டாட்டி பேர எங்கிட்டக் கேக்காம நீ எப்படில குடுத்தன்னு கேட்டேன். அவன் பதறவே இல்ல. “ஆதார் அவங்க பேருலதான அண்ணாச்சி இருக்கு”ங்கான்.

உங்ககிட்டச் சொல்லுறதுக்கென்ன, எனக்குக் கோவம் வரல. பயம் வந்துச்சு. தளவாய்க்குப் பெட்டியும் இருக்கு, இப்ப இவளும் அந்தப் பக்கம் போயிட்டா, எனக்குன்னு என்ன இருக்குன்னு பயம். அவ வாசல் தாண்டி உள்ள போறது தெரிஞ்சது. திரும்பிப் பாப்பான்னு நெனச்சேன். பாக்கல. உங்க வீட்டம்மாவும் இன்னைக்குப் பாக்கல, நான் கவனிச்சேன். வருத்தப்படாதீங்க, அங்க பின்னால இருந்து தள்ளுவாங்க, திரும்ப நேரம் இருக்காது.

வெயில் ஏறிருச்சு. எனக்கு நாக்கு வறண்டு போச்சு. பைய விட்டுட்டுத் தண்ணி வாங்கப் போக முடியாதுல்லா. நகர முடியாது. இங்கன உக்காந்தா ஒண்ணுக்குக் கூடப் போக முடியாதுங்கிறது அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். அவகிட்ட ஒரு நாள் கூட அதப் பத்தி நான் கேட்டது இல்ல, அவளும் சொன்னது இல்ல. கடைசியில பொறுக்க முடியாம அவ பையத் தொறந்து பாத்தேன். என்ன வச்சிருக்கான்னு நெனைக்கீங்க? ஒரு பாட்டில் தண்ணி. தூக்குவாளியில மோரு. ஒரு பனை விசிறி. என்னோட பிரசர் மாத்திரை. வழுக்கையில வெயில் படாம போட்டுக்கிட ஒரு துண்டு. அவளோட சாமான் ஒண்ணு கூட இல்ல, ஒரு கைக்குட்டை கூட. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. புதுச்சேலை கட்டுற அவசரத்துல பைய மாத்தி எடுத்துட்டு வந்துட்டா பாருங்க. அவ்வளவு ஞாபகசக்தி உள்ளவ.

நல்லவேளை, எனக்கு உதவுச்சு. மோரக் குடிச்சேன், மாத்திரையப் போட்டேன், விசிறிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அவ வெளிய வந்தா. வந்து என் பக்கத்துல உக்காந்து தொப்பியக் கழட்டினா. நான் கோவத்த எல்லாம் அடக்கிக்கிட்டு, என்னத்தப் பாத்தேன்னு கேட்டேன். நான் உள்ள போயி வந்து வருசக்கணக்கா அவகிட்டச் சொன்ன விசயம் எத்தனை இருக்கு. தூணு, மேற்கூரை, கம்பளம், அந்த அவைக்குப் பச்சை, இந்த அவைக்குச் சிவப்பு. அதுல ஒண்ணையும் அவ சொல்லல.

“உள்ள ஏசி போட்டிருக்காங்கன்னு நீங்க சொல்லவே இல்லியே” ன்னா.

ஏசி என்ன பாக்குற பொருளான்னு கேட்டேன்.

“உக்கார நாற்காலி இருக்கு. மெத்தை போட்டது. குளுகுளுன்னு இருந்துச்சு. நான் உக்காந்து கண்ண மூடிட்டேன்.”

கேட்டீங்களா அண்ணாச்சி? நாட்டுல எங்கெங்கேர்ந்தோ ரயிலேறி வர்றாங்க அதப் பாக்க. இவ உள்ள போயிக் கண்ண மூடிட்டு வந்திருக்கா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. ஆனா அவ மூஞ்சியப் பாத்தேன். நல்லாத் தூங்கி எழுந்த மாதிரி இருந்தது. அப்படி ஒரு மூஞ்சிய நான் பாத்து ரொம்ப நாளாச்சு. அதனால அப்படியே விட்டுட்டேன்.

அடுத்த குரூப்புக்குப் பேரு சொல்ல நான் பி.ஏ.வுக்குப் போன் போட்டேன். பக்கத்துல வந்து நின்னு, என் பேரையும் சேருங்கன்னா. அப்ப பைன்னேன். “நீங்க இருக்கீங்கல்லா” ன்னா. எனக்கும் அப்ப முட்டு வலி. உள்ள நடை ஜாஸ்தி. சரி, ஒரு தடவை போயிட்டு வரட்டும்னு நானேதான் சொன்னேன், அப்படி வச்சுக்கிடுங்க. ஒரு தடவை ரெண்டு தடவை ஆச்சு. இப்ப வர்ற பொம்பளைங்க எல்லாம் அக்கா வர்றாங்களா, அக்கா வர்றாங்களான்னு முதல்லயே கேக்குறாங்க. அவ ஒண்ணும் பெருசா விளக்கம் சொல்றது கிடையாதாம். எது எதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, எல்லாரும் கொஞ்ச நேரம் நல்லா உக்காருங்கம்பாளாம். சனத்துக்கு அதுதான் பிடிச்சிருக்கு. என்ன ரசனையோ.

இப்ப பி.ஏ.வுக்கும் அவதான் பேசுதா. முட்டு வலி தேவலையாயிருச்சு, இந்தத் தடவை என் பேரையும் போடு, நானும் வர்றேன்னு போன வாரமே சொல்லி வச்சேன். இன்னைக்குக் காலையில பாத்தா என் பேரக் காணோம். கேட்டா, மறந்துட்டேங்கா. நீங்கதான் எத்தனையோ தடவை பாத்துட்டீங்களேங்கா. வேணும்னு செய்யல. வயசாகுதுல்லா, மறதி வந்துருச்சு. உங்க குரூப்புல எது எது யாரு பைன்னு மட்டும் எனக்குச் சொல்லிட்டுத்தான் போயிருக்கா, அது எல்லாம் சரியாச் சொல்லிருக்கா.

இந்தாங்க, மோரு குடிங்க. தூக்குவாளியோடயே குடிங்க. இன்னைக்கும் பைய மாத்தித்தான் எடுத்துட்டு வந்திருக்கா. ஒவ்வொரு தடவையும் இதே தப்பு. பாருங்க, இன்னைக்கு டம்ளர் வேற வச்சிருக்கா. அந்த விசிறிய எடுத்துக்கிடுங்க, எனக்குத் துண்டு இருக்கு.

நாற்காலியில உக்காந்துட்டு வரட்டும், அது எனக்குக் குறை இல்ல. என் குறை என்னன்னு கேட்டீங்கன்னா, அவளுக்குத் தொழில் பொறுப்பு பத்தாது. இவ்வளவு பை கெடக்கு. இத்தனை பேரு நம்பிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. வெளிய வந்ததும் பை எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு வார்த்தை கேக்கணுமா வேண்டாமா? இந்த ஒரு வருசத்துல ஒரு நாள் கூட அவ கேட்டது கிடையாது. வந்ததும் வேற என்னத்தையோ கேப்பா.

அந்தா வந்துட்டாங்க. முன்னால வர்றா பாருங்க. பக்கத்துல வர்றது உங்க வீட்டம்மாதான? நல்லாச் சிரிச்சுக்கிட்டு வர்றாங்க. இப்பக் கேக்குறாளான்னு நீங்களே பாருங்க. நீங்கதான் சாட்சி.

குடிச்சேன் வடிவு, மோரு குடிச்சேன். மாத்திரையும் போட்டாச்சு. இல்ல, தலை சுத்தல. அண்ணாச்சிக்கும் குடுத்தேன்.

பாத்தீங்களா, கேக்கல.

ஏ வடிவு, பை எல்லாம் சரியா இருக்கு. நீ கேக்கலேன்னாலும் நான் சொல்லுதேன். எல்லாம் சரியா இருக்கு. வந்து இப்படி நெழல்ல உக்காரு, பழம் விழாத எடமாத் தள்ளி வச்சிருக்கேன்.